புகைபோக்கியில் கருப்புப் புகை: யார் அளக்கிறார்கள்?

கொழும்பு மட்டக்குளியில் மொட்டைமாடியில் காயப்போட்ட துணியில் கரி படிகிறது, பக்கத்துத் தொழிற்சாலையை யாராவது கண்காணிக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டப்படி, புகை கக்கும் தொழிற்சாலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை கொடுக்கும், சின்னவற்றுக்கு மாநகரசபை.

சரி, அளப்பது எப்படி? புகைபோக்கியில் துளையிட்டு, உள்ளே புகை ஓடும் அதே வேகத்தில் மாதிரியை உறிஞ்சி, வடிதாளில் படிந்த தூசியை நிறுப்பார்கள். கூடவே ஒட்சிசனையும் பார்ப்பார்கள். வெளிக்காற்றைக் கலந்து புகையை நீர்க்கச்செய்தால் ஒட்சிசன் கூடும், அங்கே பிடிபட்டுவிடும்.

தொழிற்சாலைகளின் விறகுக் கொதிகலன்களில் பெரும்பாலும் சைக்குளோன் என்ற தூசிபிடிப்பான்தான் இருக்கும். அது புகையைச் சுழற்றிப் பருந்தூசியைப் பிடிக்கும். நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் 2.5 மைக்ரோனுக்குக் குறைந்த துகளில் பெரும்பங்கு தப்பிவிடும். அதற்குத் துணிப்பை வடிகட்டி வேண்டும். என் கவலையே இதுதான்: கரி குறைந்தாலும் ஆபத்து குறைந்ததாகாது.

அளவீடு ஒருநாள் வேலை, கொதிகலனோ தினமும் எரிகிறது. ஆகவே புகை வரும் நேரம், காற்றின் திசை, படம் எல்லாவற்றையும் இரண்டு வாரம் குறித்து, அப்புறம் எழுத்தில் முறையிடுங்கள்.