மிக்கி மேண்டில் பந்து என்ன விலை போகும்?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டுக்குப் போகும்போது, என் மகனிடம் ஒரு பேஸ்பாலைக் கொடுத்தார். சின்ன வயதில் யாங்கி ஸ்டேடியத்தில், நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திர பேஸ்பால் வீரர் மிக்கி மேண்டிலிடம் கையெழுத்து வாங்கிய பந்தாம். ஈபேயில் ஒருவர் 200 டாலர் என்கிறார், இன்னொருவர் 5,000 என்கிறார். பந்து பழுப்பேறியிருக்கிறது. துடைக்கலாமா? விற்றால் என்ன கிடைக்கும்?

பதில்: அன்புள்ள சகோதரி, தயவுசெய்து துடைக்காதீர்கள். தோல் பழுத்திருப்பது வயதுக்கு இயல்புதான். மை கலைந்தால் போனது போனதுதான். வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

ஈபேயில் நீங்கள் பார்த்தது விற்பவர் கேட்கிற விலை. அங்கேயே விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி உண்டு, அதைப் பாருங்கள். ஆனால் அதற்கும் முன்னால், பந்தைத் திருப்பி அச்சு முத்திரையைப் படியுங்கள். யாங்கீஸ் அணி ஆடும் அமெரிக்கன் லீக்கின் அதிகாரபூர்வப் பந்து என்றால் அன்றைய லீக் தலைவரின் பெயர் இருக்கும். மேண்டில் ஆடியது 1951 முதல் 1968 வரை. அதனால் வில்லியம் ஹாரிட்ஜ் அல்லது ஜோ க்ரோனின் பெயர் இருந்தால் பெரியவர் சொல்வதோடு பொருந்துகிறது. பாபி பிரவுன் என்றிருந்தால் அது 1984-க்குப் பிந்தைய பந்து. அப்போதும் கையெழுத்து அசலாக இருக்கலாம். ஓய்வுபெற்ற பிறகு கண்காட்சிகளில் உட்கார்ந்து மேண்டில் ஏராளமாகக் கையெழுத்திட்டார். அதனாலேயே அவை அவ்வளவு அரிதல்ல. லீக் தலைவருக்குப் பதில் பேஸ்பால் ஆணையர் பட் செலிக்கின் பெயர் இருந்தால் சந்தேகமே வேண்டாம், போலிதான். அந்தப் பந்துகள் வந்தது 2000-இல், மேண்டில் இறந்தது 1995-இல். பெயரே இல்லையென்றால் கடையில் விற்ற நினைவுப் பந்தாக இருக்கலாம், மதிப்பு குறையும்.

கையெழுத்தும் காலத்தைக் காட்டும். ஆரம்ப காலத்தில் அடக்கமாக எழுதியவர், பிற்காலத்தில் இரண்டு 'எம்' எழுத்துகளையும் பெரிதாக வளைத்துப் போட்டார். ஆடிய காலத்துக் கையெழுத்து தனியாக ஒரு பந்தில் தெளிவாக இருந்தால் அதற்குத்தான் நல்ல விலை.

இவ்வளவு சந்தேகப்பட வேண்டுமா என்று தோன்றும். வேண்டும். 1990களின் இறுதியில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் பெரிய போலிக் கும்பல்களே பிடிபட்டன. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் கூட அதில் சிக்கியது! அந்தப் போலிகளுக்கும் சான்றிதழ் இருந்தது. யாரோ அச்சடித்த காகிதத்தை நம்பி இன்று விவரம் தெரிந்தவர் யாரும் பணம் தரமாட்டார். கையெழுத்து அசலா என்று சோதிக்கும் பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் என்ற மூன்று நிறுவனங்களில் ஒன்றிடம் கட்டணம் கட்டிச் சோதித்துச் சான்றிதழ் வாங்குங்கள். அசல் என்று உறுதியானால், பிற்காலக் கையெழுத்தே ஆனாலும் நூற்றுக்கணக்கான டாலர் பெறும்.

இன்னொன்று. பெரியவரின் கண்ணெதிரே மேண்டில் எழுதினாரா, அல்லது அவர் பந்தை உள்ளே கொடுத்தனுப்பி வாங்கினாரா என்று அவரையே கேளுங்கள். அந்தக் காலத்தில் வீரர்களின் உடைமாற்றும் அறையில் வேலை செய்த பையன்களே நட்சத்திர வீரர்களுக்காகக் கையெழுத்துப் போட்டுவிடுவது சகஜம். பெரியவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. எந்த வருடம், யாருடன் போனார், எங்கே நின்றார் என்பதை அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சோதனைக்கு அது ஈடாகாது, ஆனால் வாங்குபவருக்கு நம்பிக்கை தரும்.

அப்புறம், பந்து உங்கள் மகனுக்குக் கொடுத்தது. விற்பதா வேண்டாமா என்று அவனைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.