வாசகர் கேள்வி – பதில்: உப்புக்காற்றும் டிஷ் ஆண்டெனாவும்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து டிஷ் ஆண்டெனா பற்றி வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாதி சேனல்கள் தெளிவாகத் தெரிகின்றன, மீதிக்கு ‘சிக்னல் இல்லை’ என்று வருகிறது. பழுது பார்க்க வந்தவர் எல்.என்.பி.யை (டிஷ்ஷின் முன் நீட்டிய கையின் நுனியில் சிக்னலைப் பிடிக்கும் சிறு கருவி) மாற்றினார். சில மாதங்கள் சரியாக இருந்தது. மறுபடியும் அதே தொல்லை. இப்போது செட்டாப் பாக்ஸை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா? – வாசகி, பாம்பன்

பதில்: பொறுங்கள். ஒரு சேனலும் வராமல் போவது வேறு. பாதி மட்டும் வராமல் போவது வேறு. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகள் செங்குத்து, கிடை என இரண்டு வகையாக வருகின்றன. பார்க்கும் சேனலுக்கு ஏற்ப, செட்டாப் பாக்ஸ் அதே கேபிள் வழியாக மேலே 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை அனுப்புகிறது. 13 வந்தால் எல்.என்.பி. செங்குத்து அலையை எடுக்கும். 18 வந்தால் கிடை அலைக்கு மாறும். கேபிள் நுனியில் உப்பும் துருவும் ஏறி மின்தடை கூடிவிட்டால், பாக்ஸ் அனுப்பும் 18 வோல்ட் வழியிலேயே குறைந்து போகிறது; எல்.என்.பி. செங்குத்திலேயே நின்றுவிடுகிறது, கிடை அலைச் சேனல்கள் ஒட்டுமொத்தமாக மறைகின்றன. மூன்று பக்கமும் கடல்காற்று வீசும் பாம்பனில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

எல்.என்.பி.யை மாற்றியதும் சில மாதங்கள் சரியாக இருந்ததே என்று கேட்பீர்கள். புதியதைப் பொருத்தும்போது கேபிள் நுனியை வெட்டி, புது கனெக்டர் போட்டிருப்பார்கள். அநேகமாக, பழுதை நீக்கியது அந்தக் கனெக்டர்தான், பெயர் எல்.என்.பி.க்குப் போயிற்று.

உறுதி செய்துகொள்ள எளிய வழி உண்டு. பாக்ஸின் மின் இணைப்பை நிறுத்திவிட்டு, பாக்ஸையும் சிறிய டிவி ஒன்றையும் மொட்டை மாடிக்குக் கொண்டு சென்று, இரண்டு மீட்டர் புதுக் கேபிளால் எல்.என்.பி.யுடன் நேராக இணைத்துப் பாருங்கள். எல்லாச் சேனலும் வந்தால் பாக்ஸிலும் எல்.என்.பி.யிலும் குறையில்லை; பழைய கேபிளே குற்றவாளி. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எல்.என்.பி.யைக் கழற்றிவிட்டுக் கேபிளின் திறந்த நுனியில் அளந்தால், உள்ளே எவ்வளவு துரு இருந்தாலும் 18 வோல்ட் காட்டும். மின்னோட்டம் இல்லாதபோது மின்னழுத்தம் குறைவதில்லை. எல்.என்.பி. இணைப்பில் இருக்கும்போது அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

கேபிளைச் சரிசெய்யும்போது, வெளிப்பின்னல் கறுக்காமல், நடுக்கம்பி பளிச்சென்று தெரியும் இடம் வரை வெட்டி எறிந்துவிடுங்கள். டிஷ்ஷுக்கு வழக்கமாகப் போடும் ஆர்.ஜி.-6 வகைக் கேபிள்களுள் மலிவானவற்றில் நடுக்கம்பி எஃகால் ஆனது. மேலே செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். பூச்சு கீறிய இடத்தில் துரு உட்புகும். மின்தடையும் தொடக்கத்திலேயே அதிகம். கடலோரத்தில் முழுச் செம்புக் கம்பியும் வெயில் தாங்கும் கறுப்பு உறையும் கொண்ட கேபிளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. கனெக்டரை முறுக்கிப் பொருத்தாமல், அழுத்திப் பொருத்தும் வகையைக் கேளுங்கள். அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். சிலர் சிலிக்கான் பசையைப் பூசிவிடுகிறார்கள். காடி வாடை அடிக்கும் பசையிலிருந்து வெளிவரும் அமிலம் செம்பையே அரிக்கும் என்பதால் அதைத் தவிர்க்கவும். எல்.என்.பி.க்குச் சற்று முன்பாகக் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையமாகத் தொங்கவிட்டால், மழைநீர் கனெக்டருக்குள் இறங்காமல் வளையத்தின் அடியிலிருந்து சொட்டிவிடும்.

கேள்வி: மாடியிலும் ஒரு டிவி வைத்தோம். கடையில் ஸ்பிளிட்டர் வாங்கி ஒரே டிஷ்ஷிலிருந்து இரண்டு பாக்ஸ்களுக்குப் பிரித்தோம். கீழே ஒருவர் சேனல் மாற்றினால் மேலே படம் போய்விடுகிறது. – வாசகர், தொண்டி

பதில்: மேலே சொன்ன 13, 18 வோல்ட் கணக்கே இதற்கும் விடை. கீழ்ப் பாக்ஸ் 18 கேட்கும்போது மேல் பாக்ஸ் 13 கேட்டால், ஒரே எல்.என்.பி. இருவருக்கும் ஊழியம் செய்ய முடியாது. அது மட்டுமன்றி, கேபிள் டிவிக்கான சாதாரண ஸ்பிளிட்டர் 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னலோ 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. ஸ்பிளிட்டரை எடுத்துவிட்டு இரட்டை வெளியீடு கொண்ட எல்.என்.பி. பொருத்தி, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனிக் கேபிள் இழுங்கள். கூடுதல் கேபிள் இழுக்க மனமில்லாமல் வேறு குறுக்குவழி தேடுவோர் பெரும்பாலும் இரண்டு முறை செலவு செய்கிறார்கள்.

இராமேஸ்வரத்தில் யாத்திரிகர் விடுதி நடத்துவோருக்கும் ஒரு சொல்: பத்து, இருபது அறைகள் என்றால், இரு வகை அலைகளின் தாழ், உயர் அதிர்வெண் பட்டைகளை நான்கு தனி வெளியீடுகளாகத் தரும் எல்.என்.பி.யும், அவற்றை அறைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் மல்டிஸ்விட்சும் வேண்டும். அறைக்கு ஒரு பாக்ஸ் அப்போதும் தேவை.

கேள்வி: கச்சான் எனும் மேல்காற்று வீசும் மாதங்களில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பக்கத்துத் தோட்டத்துப் பனைமரங்கள் ஆடுவதால்தான் என்று சொல்லி, வெட்டச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசிக்கிறோம். – வாசகர், வாலிநோக்கம்

பதில்: மரத்தின்மேல் பழி போடுமுன் கணக்குப் பாருங்கள். டிடி ஃப்ரீ டிஷ் போன்ற சேவைகளைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 70 டிகிரி உயரத்தில், அதாவது உச்சிக்கு அருகே இருக்கும். இந்த டிஷ்களில் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், தட்டு அவ்வளவு மேலே நோக்குவதாகத் தோன்றாது. அதனால்தான் எதிரே நிற்கும் மரம் மறைப்பதாக மயக்கம் உண்டாகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்கும் மரம் அந்த வழியை மறைக்க வேண்டுமானால், டிஷ்ஷைவிட 27 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். டிஷ்ஷை ஒட்டி நிற்கும் மரம் அல்லது மேலே கவிந்த தென்னை ஓலை என்றால் மட்டுமே பேச்சு.

காற்று மரத்தைவிட உங்கள் டிஷ்ஷைத்தான் அதிகம் படுத்துகிறது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பு முக்கால் சென்டிமீட்டர் நகர்ந்தாலே பார்வை ஒன்றரை டிகிரி விலகி, சிக்னல் ஏறக்குறைய பாதியாகிவிடும். தட்டின் விளிம்பைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். கம்பம் ஆடினாலோ போல்ட் துருவேறித் தளர்ந்திருந்தாலோ அங்கேயே விடை கிடைக்கும். கைப்பிடிச் சுவரின் செங்கல்லில் அடித்த திருகாணிகளை நம்ப வேண்டாம். கான்கிரீட்டில் இறக்கிய விரிவு போல்ட்டும் எவர்சில்வர் நட்டும் போடுங்கள். மறுபடி திசை வைக்கும்போது, திரையில் தெரியும் இரண்டு அளவுகளுள் வலிமையை விட்டுவிட்டுத் தரத்தைப் பாருங்கள். வலிமையில் இரைச்சலும் சேர்ந்தே காட்டும்.

கேள்வி: செப்டம்பர் கடைசியில் வானம் தெளிவாக இருந்தும் சில நாட்கள் காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் படம் நின்றது. – வாசகி, தேவிபட்டினம்

பதில்: அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து, சூரியனின் ரேடியோ இரைச்சல் டிஷ்ஷில் விழுகிறது. மார்ச் நடுவிலும் இப்படி நேரும். எதையும் தொட வேண்டாம், தானே சரியாகும்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் போகாமலிருக்க 90 சென்டிமீட்டர் டிஷ் போடலாமா? – வாசகர், மண்டபம்

பதில்: டிஷ்ஷுக்கு வரும் கே.யு. பட்டை எனும் உயர் அதிர்வெண் அலைகளை மழைத்துளிகள் விழுங்கும். அதைத் தடுக்க வழியில்லை. 60-க்குப் பதில் 90 போட்டால் பரப்பு 2.25 மடங்காகி, நடுத்தர மழையைத் தாங்கும். கொட்டும் மழையில் அதுவும் தடுமாறலாம். ஆனால் பரப்புக் கூடிய அதே 2.25 மடங்கு காற்றின் தள்ளலும் கூடும். உறுதியான கான்கிரீட் தளம் இருந்தால் போடுங்கள். ஓட்டு வீடானால், இருக்கும் 60-ஐத் துல்லியமாகத் திசை வைத்து, கனெக்டர்களைப் புதுப்பிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.