வாசலில் குடித்த காபி

கேள்வி: வயது 37. கோவையில் ஒரு பவுண்டரியில் சூப்பர்வைசர். திருமணமாகி ஒன்பது வருடம், ஒரு மகள். எனக்குத் தாம்பத்திய ஆசை அதிகம். ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு வரும் இரவில் ரொம்பவே அதிகம். (சொத்துத் தகராறால் நான் உள்ளே போவதில்லை. அம்மா வாசலுக்கே காபி கொண்டுவருவார்.) மனைவி மறுத்தால் கோபம் வருகிறது. 'இது வியாதி' என்கிறாள். நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா? குறைக்க மாத்திரை உண்டா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போன அந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். ஆசை அதிகம் என்பது மட்டும் நோய் ஆகாது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், கட்டுப்படுத்த முடியாத பாலுறவு நடத்தைக்கு இடம் இருக்கிறது. போதைப் பழக்கங்களின் வரிசையில் அது இல்லை. உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ, அடக்கப் பார்த்தும் முடியாமல், வேலையும் வீடும் கெடுகிற அளவுக்குப் போனால்தான் அந்தப் பெயர். அப்படி இருக்குமோ என்று தோன்றினால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியரிடம் பணத்தைத் தொலைக்காதீர்கள்.

சரி, காபிக்கு வருவோம். வெறும் உடம்புப் பசி கிழமை பார்த்தா வரும்? பெற்றவள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள், நீங்கள் விருந்தாளிகூட இல்லாமல் தெருவில் நின்று குடித்துவிட்டுத் திரும்புகிறீர்கள். வீட்டுக்கு வந்து, 'அம்மா இளைத்துவிட்டாள்' என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, விளக்கணைத்ததும் ஆறுதல் தேடுகிறீர்கள். தேடுவது தப்பில்லை, துணை என்பது அதற்கும்தான். ஆனால் வாயைத் திறக்காவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனிதர் ராத்திரி தொடுகிறார், அவருக்குத் தெரிவது அவ்வளவுதான். மறுத்தால் கோபம் வேறு! தாலி கட்டிவிட்டால் சம்மதம் கேட்க வேண்டாம் என்று யார் சொன்னது?

சொத்து கோர்ட்டில் தீரட்டும், பேசித் தீரட்டும். அதற்காகத் தாயை வாசலுக்கு இழுப்பது மகன் செய்கிற காரியம் இல்லை. இந்த ஞாயிறு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். அண்ணன் பேசாவிட்டால் போகட்டும். அப்புறம், திரும்பி வரும் வழியில் மனதில் இருப்பதை மனைவியிடம் சொல்லுங்கள். அன்றிரவு எதுவும் கேட்காதீர்கள். நாலு ஞாயிறு இப்படிப் போய்வந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.