இலையுதிர் காலத்தில், கடல் நீர் ஏறி இறங்கும் ஆற்றில் தூண்டில் போட எந்த நேரம் சரி?

கேட்டவர் சொன்ன விவரம் இது: கடல் நீர் ஏறி இறங்கும் ஆறு. பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு முறையும் விடியற்காலை, அதே இடம், கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும். ஒரு மீன்கூடத் தொடவில்லை. "குளத்தில் விடியலில்தானே நன்றாகக் கடிக்கிறது, இங்கே மட்டும் ஏன் இப்படி? இலையுதிர் காலம் நல்ல பருவம் என்கிறார்களே" என்பது கேள்வி.

பருவத்தில் குறையில்லை. சிக்கல் அந்தப் பதினைந்து நாளில் இருக்கிறது.

கடல் நீர் ஏறி உச்சத்தைத் தொடுவது ஏற்றம், வடிந்து அடிமட்டத்துக்கு வருவது வற்றம். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் தள்ளிவிடுவதால், போன வாரம் ஏற்றம் இருந்த மணிக்கு இந்த வாரம் வற்றம் இருக்கும். இரண்டு வாரம் ஆனால் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆக, நீங்கள் ஒரே வற்றத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறீர்கள். நானும் முதல் வருடம் இதையேதான் செய்தேன். போதாததற்கு, இந்த ஆற்றில் மீனே கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

சரி, ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துக்கொண்டு போனால் போதுமா? போதாது. அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் முகத்துவாரத்தின் நேரமோ துறைமுகத்தின் நேரமோதான். அங்கிருந்து அந்த ஏற்றம் ஆற்றில் ஏறி உங்கள் காலடிக்கு வர நேரம் பிடிக்கும். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில், கடலிலிருந்து சுமார் 245 கிலோமீட்டர் உள்ளே ட்ராய் அணை வரை நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. அங்கே உப்பின் வாடையே இருக்காது, நல்ல தண்ணீர்தான். ஆனாலும் கடலின் கணக்குப்படி ஏறுகிறது, பல மணி நேரம் தாமதமாக.

உங்கள் இடத்தின் தாமதத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு நீளக் குச்சியில் கத்தியால் கீறல் போட்டுத் தண்ணீர் ஓரத்தில் நட்டுவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டும், அலுப்பான வேலைதான். நான் செய்தபோது, அட்டவணை சொன்ன ஏற்றத்துக்கு ஒரு மணி 50 நிமிடம் கழித்து என் இடத்தில் ஏற்றம் வந்தது. வற்றமோ கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் தாமதம். ஆற்றுக்குள் போகப் போக அப்படித்தான்: தண்ணீர் வேகமாக ஏறிவிடும், சாவகாசமாக வடியும். இந்த இரண்டு எண்களையும் நோட்டில் எழுதிய பிறகுதான் என் கூடைக்கு வேலை வந்தது.

இன்னொரு விஷயம், அதை நான் ஒரு பெரியவரிடம் கற்றுக்கொண்டேன். அக்டோபர் முடிகிற சமயம், சாயங்காலம். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பழுப்பு இலைகள் வரிசையாகக் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தன. என் தக்கை மட்டும் அவற்றோடு போகாமல் ஓரிடத்தில் சாய்ந்து நின்று நடுங்கியது. மீன்தான் என்று கோலைச் சுண்டினேன், ஒன்றுமில்லை. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே நடுக்கம், அதே வெறும் தூண்டில் முள். மூன்றாவது தடவை சுண்டியதும், பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "அடியில தண்ணி திரும்பிடுச்சு தம்பி. மேல இன்னும் தெரியல. சும்மா விடு."

கடல் நீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம் அதிகம். அதனால் பல ஆறுகளில் ஏற்றம் தொடங்கும்போது உப்பு நீர் ஆப்பு போல அடியில் நுழைந்து மேல்நோக்கி வருகிறது. மேலே ஆற்று நீர் அதன் பாட்டுக்குக் கடலுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தக்கையை மேல்நீர் கடல் பக்கம் தள்ளுகிறது, கீழே இரையை அடிநீர் எதிர்ப்பக்கம் இழுக்கிறது, நடுவில் தக்கை தவிக்கிறது. பெரியவர் சொன்னபடி விட்டேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, தக்கை நேராகத் தண்ணீருக்குள் போனது. அன்றிலிருந்து இலைகளின் பேச்சை நான் நம்புவதில்லை. தரையில் கிடக்கும் ஈயக்குண்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத்தான் விரலில் தூண்டில் நரம்பைப் பிடித்துப் பார்க்கிறேன்.

இனி இலையுதிர் காலத்துக்கு வருவோம். கோடையில் ஓடைகளிலும் சதுப்பு வாய்க்கால்களிலும் வளர்ந்த குஞ்சுகளும் இறாலும், தண்ணீர் குளிரத் தொடங்கியதும் கீழே இறங்குகின்றன. மடவை, தட்டைமீன் போன்றவையும் ஆழம் தேடிக் கடலுக்கு நகர்கின்றன. இவற்றைத் தின்னும் பெரிய மீன்களோ, குளிர்காலத்துக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் அவசரத்தில் இருக்கின்றன. எனவே நான் காத்திருப்பது ஒரே இடத்தில்: சின்ன ஓடை ஆற்றில் சேரும் வாய். வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரம் ஓடையில் தண்ணீர் குறையக் குறையக் குஞ்சுகளுக்கு வேறு வழியில்லை, அந்த வாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பெரியவை அங்கே, ஓடும் நீருக்கும் நிற்கும் நீருக்கும் நடுவில் தெரிகிற கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஆற்றின் நடுவில் தூர வீசுவதில் பலருக்கு ஒரு பெருமை இருக்கிறது. எனக்குக் கிடைத்தவற்றில் பாதிக்கு மேல் கரையிலிருந்து கோலின் நீளத்துக்குள்தான்.

ஆனால் ஓடை வாய் என்றால் வடிந்து தீர்ந்த சேறு என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டம் இருக்கும்வரைதான் அங்கே மீன் இருக்கும். நீங்கள் போய் நின்ற கணுக்கால் தண்ணீரில் விருந்து ஏற்கெனவே முடிந்துவிட்டது.

இலை ஒரு பெரிய தொல்லை. வற்றத்தில் கீழே போன இலைகளே ஏற்றத்தில் திரும்பி வந்து நரம்பில் துணி காயப் போட்டதுபோல் தொங்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றிரண்டு நாள் பின்னால் ஏற்றம் மிக உயரமாக வரும். பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் சம இரவு நாளை ஒட்டி வருபவை வருடத்திலேயே பெரியவற்றில் சேரும். சீனாவின் சியான்டாங் ஆற்றில் மதில் போல எழுந்து வரும் ஓத அலையைப் பார்க்க மக்கள் கூடுவதும் அவர்களுடைய எட்டாம் மாதத்தின் பதினெட்டாம் நாளில், அதாவது பௌர்ணமி கழிந்த கையோடுதான். அந்த நாட்களில் கரையோரக் குப்பை முழுவதும் மிதந்து வரும். நான் பௌர்ணமிக்கு மூன்று நான்கு நாள் முன்னால் போவேன்: ஓட்டமும் போதுமான அளவு இருக்கும், இலையும் தாங்கும் அளவில் இருக்கும். அஷ்டமியை ஒட்டி ஓட்டம் மந்தம், மீனும் மந்தம். இது என் அனுபவம், மற்றவர்கள் வேறு சொல்லலாம்.

கனமழை பெய்தால் இரண்டு நாள் வீட்டில் இருங்கள். வெள்ளம் உப்பைக் கீழே தள்ளிவிடும், உப்பு விரும்பும் மீன்களும் அதோடு கீழே போய்விடும். விலாங்குக்கு மட்டும் இது நேர்மாறு. நிலா இல்லாத, காற்றடிக்கும், மழைத்தண்ணீர் ஏறிய இரவுதான் அது கடலுக்குக் கிளம்பும் இரவு. கிளம்பும் முன் மஞ்சள் வயிறு வெள்ளியாகும், கண் பெரிதாகும், குடல் சுருங்கிவிடும், தீனியையும் நிறுத்திவிடும். ஆகவே உங்கள் முள்ளில் மாட்டுவது பெரும்பாலும் இன்னும் கிளம்பாத விலாங்கு. ஐரோப்பிய விலாங்கு முட்டையிடுவது அட்லாண்டிக் பெருங்கடலின் ஒரு பகுதியான சர்காசோ கடலில் என்று டென்மார்க் ஆய்வாளர் யோஹன்னஸ் ஷ்மிட் 1920களிலேயே குஞ்சுகளின் அளவை வைத்துச் சொல்லிவிட்டார். ஆனால் வளர்ந்த விலாங்குகள் அங்கே போய்ச் சேர்வதை, அசோர்ஸ் தீவுகளிலிருந்து கருவி பொருத்தி விட்டவற்றைக் கொண்டு நேரடியாகக் காட்டிய ஆய்வு வெளியானது 2022இல்தான். ஐரோப்பிய விலாங்கு இன்று மிக அருகிவிட்ட இனம். மாட்டினால் விட்டுவிடுங்கள். முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் தோண்டாமல், நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். மற்ற மீன்களுக்கும் அளவு, பருவம் பற்றிய விதி இடத்துக்கு இடம் மாறும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, அனுபவித்தவன் சொல்கிறேன். ஒரு முறை சேற்றுத்திட்டின் நுனியில் நின்று, எதிரே தண்ணீர் இன்னும் இருபதடி தூரத்தில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். ஏற்றம் எதிரிலிருந்து மட்டும் வருவதில்லை. திட்டுக்கு என் முதுகுப்புறம் ஒரு பள்ளம் இருந்தது, முதலில் நிரம்பியது அதுதான். திரும்பிப் பார்த்தபோது வந்த வழியில் முழங்கால் தண்ணீர். நான்கு எட்டு வைத்ததும் இடது கால் சேற்றில் புதைந்துகொண்டது. பதறி இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. பிறகு பின்னால் சாய்ந்து கிட்டத்தட்டப் படுத்து, காலை மெதுவாக ஆட்டி ஆட்டி எடுத்தேன். பூட்ஸ் அங்கேயே இருக்கிறது. அதற்கப்புறம் எங்கே நின்றாலும், முதுகுப்பக்கம் இருக்கும் பள்ளத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்கிறேன். அந்தக் கல்லில் தண்ணீர் பட்டால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கிளம்பிவிடுவேன். தனியாகப் போவதும் இல்லை.

நீங்கள் கடைசியாகப் போன ஞாயிறிலிருந்து சரியாக ஒரு வாரம் கழித்து அதே விடியற்காலையில் போனால், நீங்கள் பார்த்த சேற்றின் மேல் ஏறக்குறைய முழு ஏற்றம் நிற்கும். அன்று கோலோடு அந்தக் கீறல் போட்ட குச்சியையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் இரண்டு மணி நேரம் மீன் கடிக்காவிட்டாலும் குறித்துக்கொண்டே இருங்கள். வெயில் ஏறிய பிறகு ஓடை வாயில் தண்ணீர் வடியத் தொடங்கும், அப்போது இரையைக் கட்டுங்கள்.