கோணல் கழுத்துடன் பொரிந்த குஞ்சு: கேள்வி பதில்

பொரிந்து ஓரிரு நாள்களே ஆன நாட்டுக்கோழிக் குஞ்சுகளின் கழுத்துக் கோளாறு பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகளைச் சுருக்கி, ஒன்றன்பின் ஒன்றாக விடை எழுதியிருக்கிறேன். கழுத்துக் கோணல் தனி நோயன்று. பல காரணங்களால் தோன்றும் ஓர் அறிகுறி. காரணம் எதுவாயினும், இத்தகைய குஞ்சுகளில் பெரும்பாலானவை அந்தக் கோணலால் சாவதில்லை. தலையைத் தண்ணீருக்கும் தீனிக்கும் கொண்டுசெல்ல முடியாமல் தாகத்தாலும் பசியாலும் சாகின்றன. கீழே உள்ள விடைகளை இதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

பல்லடத்திலிருந்து ஒருவர்: ஐயா, நேற்றிரவு இன்குபேட்டரில் பொரிந்த குஞ்சு ஒன்றின் தலை முதுகுப் பக்கமாக வளைந்து, வானத்தைப் பார்த்தபடியே இருக்கிறது. நடக்க முயன்றால் பின்னோக்கிச் சென்று மல்லாந்து விழுகிறது. உடனடியாக நான் செய்ய வேண்டியது என்ன?

முதலில் மற்றக் குஞ்சுகளிடமிருந்து பிரித்து வையுங்கள்; ஏனெனில் விழுந்து கிடக்கும் குஞ்சை மற்றவை மிதிக்கும், கண்ணைக் கொத்தும். முதல் வாரத்துக்கு வேண்டிய 35 டிகிரி செல்சியஸ் வெப்பம், குண்டு பல்பு வைத்த அட்டைப்பெட்டியிலேயே கிடைக்கும். பெட்டியின் ஒரு பாதி வெப்பமாகவும் மறு பாதி சற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்குமாறு பல்பை ஓரமாகத் தொங்கவிடுங்கள். ஆனால் இந்தக் குஞ்சால் தானாக நகர முடியாது என்பதால், வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, நடுங்குகிறதா என்று நீங்கள்தான் பார்த்து இடம் மாற்ற வேண்டும். பழைய பருத்தித் துணியைச் சும்மாடு போலச் சுருட்டி, நடுவில் குஞ்சை உட்கார வைத்தால் மல்லாந்து விழாது. கால்களும் உடம்புக்குக் கீழேயே இருக்கும். தரையில் செய்தித்தாளை விரிக்காதீர்கள். அதில் கால் வழுக்கி அகன்றுவிட்டால், கழுத்தோடு காலும் சேர்ந்து கெடும்.

அடுத்தது தண்ணீர். பொரியும் முன் உள்ளிழுத்துக்கொண்ட மஞ்சள் கருவைக் கொண்டு ஒரு குஞ்சு இரண்டு அல்லது மூன்று நாள் தீனியின்றித் தாங்கும். அந்த அவகாசம் உங்களுக்கு இருக்கிறது, அதற்குமேல் இல்லை. வெதுவெதுப்பான நீரில் சிறிது சர்க்கரை கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சினாலோ சொட்டுக்குழலினாலோ அலகின் ஓரத்தில் ஒரு துளி வையுங்கள். அது விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த துளி. அலகைப் பிளந்து உள்ளே பீய்ச்சக் கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால், நீர் நுரையீரலுக்குள் போய்விடும். தலை பின்னால் வளைந்த நிலையில் அந்த ஆபத்து இரட்டிப்பு. ஆகவே ஒரு கையால் தலையைத் தாங்கி, அது இயல்பாக வருமளவுக்கு மட்டும் முன்னால் கொண்டுவந்து, பிறகு கொடுங்கள். பகலில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

நீங்கள் சொல்லும் தோற்றம், அதாவது தலை முதுகோடு ஒட்டி வானத்தைப் பார்ப்பது, தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைபாட்டின் அடையாளம். எனவே இன்றே அதைக் கொடுக்கத் தொடங்குங்கள். சரியான காரணத்துக்குச் சரியான நேரத்தில் கொடுத்தால், சில மணி நேரத்திலேயே தலை இறங்குவதைக் காணலாம்.

விழுப்புரத்திலிருந்து ஒருவர்: எங்கள் குஞ்சின் பிடரியில் நீர் கோத்தது போல வீக்கம் உள்ளது. தலை சற்றுத் தொங்குகிறது. கழுத்து முறிந்துவிட்டதா?

பொரிந்து ஒரு நாள்கூட ஆகவில்லையென்றால், அது பெரும்பாலும் இயல்பான வீக்கமே. ஓட்டை உடைப்பதற்கென்றே பிடரியில் ஒரு தசை இருக்கிறது. பொரியும் நேரத்தில் அதில் நீர் சேர்ந்து பருத்து, சில நாள்களில் தானாகவே வற்றிவிடும். ஓட்டோடு போராடிய களைப்பில் தலை தொங்குவதும் முதல் நாளில் வழக்கம். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். இரண்டாம் நாளும் தலையைத் தூக்கவில்லையென்றால், அல்லது ஒரே பக்கமாகத் திருகினால், அப்போது கவலைப்படலாம்.

நாமக்கல்லிலிருந்து ஒருவர்: எந்த மருந்து, எத்தனை சொட்டு என்று சொல்லுங்கள். கடையில் கொடுத்த வைட்டமின் சொட்டு மருந்தை மூன்று நாளாகக் கொடுத்தும் பயனில்லை.

புட்டியின் பின்புறப் பட்டியலைப் படித்தீர்களா? கோழிகளுக்கென்று விற்கும் வைட்டமின் திரவங்கள் சிலவற்றில் ஏ, டி3, ஈ, பி12 ஆகியவை மட்டுமே இருக்கும். அவை நல்ல மருந்துகள்தாம். ஆனால் இந்தக் குறைக்கு வேண்டிய பி1 அவற்றில் இல்லை. பி1, பி2, பி6 எல்லாம் சேர்ந்த பி காம்ப்ளெக்ஸ் திரவத்தைக் கேட்டு வாங்குங்கள். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தையும் பயன்படுத்தலாம், ஆனால் இரும்புச்சத்து சேர்க்காததாக இருக்க வேண்டும். ஒரு நாள் குஞ்சுக்கு இரண்டு சொட்டு வீதம் காலையும் மாலையும் கொடுக்கச் சொல்வது என் வழக்கம். இந்த வைட்டமின்கள் நீரில் கரைபவை. மிகுந்தது எச்சத்தோடு வெளியேறிவிடும்.

வைட்டமின் ஈ அப்படியன்று. அது கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்கும். மருந்துக் கடையில் கிடைக்கும், உள்ளே எண்ணெய் உள்ள 400 அலகு மாத்திரையை ஊசியால் குத்தி, நாளைக்கு ஒரு துளி கொடுத்தால் போதும். வைட்டமின் ஈயோடு சேர்ந்து வேலை செய்யும் செலினியம் என்னும் தாதுவைத் தனியாக வாங்கி ஊற்ற வேண்டாம். தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையில் அதிகத் தூரமில்லை.

மருந்தைத் தீனியிலோ குடிநீரிலோ கலந்து வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர். பி1 குறைந்த குஞ்சுக்கு முதலில் போவது பசிதான். தின்னாத குஞ்சுக்குத் தீனியில் மருந்து கலந்து என்ன பயன்? வாயில் சொட்டாகவே போக வேண்டும். விழுங்கவும் முடியாத குஞ்சுக்குக் கால்நடை மருத்துவர் ஊசியாகப் போடுவார்.

திருவாரூரிலிருந்து ஒரு பெண் வாசகர்: எங்கள் வீட்டுப் பேடு அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளில் இரண்டுக்கு இப்படி ஆகிவிட்டது, ஐயா. சென்ற முறையும் ஒன்றுக்கு ஆனது. கோழிகளுக்கு ரேஷன் பச்சரிசி நொய்யும் சோறும்தான் போடுகிறோம். தீனிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பே உண்டு. இது மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற செய்தியும்கூட. 1890களில் ஜாவாவின் பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர், மனிதர்களின் நரம்பைத் தாக்கும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளுக்குத் திடீரென்று கால் தள்ளாடியது. பிறகு அவை தாமாகவே குணமாயின. விசாரித்தபோது, இடையில் சில மாதங்கள் மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டது தெரியவந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்து, பழையபடி தீட்டாத அரிசிக்கு மாறியதும் அவை தேறின. அரிசியின் மாவுச்சத்தில் ஏதோ நஞ்சு இருப்பதாகத்தான் எய்க்மான் முதலில் எண்ணினார். தவிட்டில் இருக்கும் ஒரு சத்து இல்லாமற்போவதே காரணம் என்று 1901இல் விளக்கியவர் அவருக்குப் பின் வந்த கிரெய்ன்ஸ். அந்தச் சத்துதான் தயமின். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசும் கிடைத்தது.

உங்கள் வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய அதுவே. தாய்க்கோழிக்குக் கிடைக்காத சத்து முட்டைக்குள் போகாது; முட்டையில் இல்லாத சத்தோடு குஞ்சு பிறக்க முடியாது. பச்சரிசியைவிடப் புழுங்கல் நொய் மேலானது. நெல்லை அவிக்கும்போது உமியடித் தவிட்டின் பி1 அரிசிக்குள் ஊறிவிடுகிறது. அதையும் மட்டும் நம்பாமல் கம்பு, கேழ்வரகு, பயறு, கீரை, கொஞ்சம் தவிடு ஆகியவற்றைச் சேருங்கள். தவிடு புதியதாக இருக்க வேண்டும். தவிட்டு எண்ணெய் விரைவில் சிக்கடித்துவிடும். சிக்கடித்த எண்ணெய் வைட்டமின் ஈயை அழிக்கும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பேட்டை அடை வைப்பதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே, முட்டையிடும்போதே, இந்தத் தீனியைத் தொடங்கினால்தான் பலன் குஞ்சில் தெரியும்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர்: தாய்க்கோழிகளுக்கு மீன் கழிவு போடுகிறோம். சத்தான தீனிதானே?

வேக வைத்துப் போட்டால் சத்தானது. பச்சையாகப் போட்டால், சில வகை மீன்களில் உள்ள ஒரு நொதி பி1ஐச் சிதைத்துவிடும். கொதிக்கும் சூட்டில் அந்த நொதி அழிந்துவிடும்.

தருமபுரியிலிருந்து ஒருவர்: ரத்தக்கழிச்சல் வராமலிருக்க முதல் நாளிலிருந்தே ஆம்ப்ரோலியம் கொடுக்கிறேன். ஒரு குஞ்சுக்குக் கழுத்து திரும்பியிருக்கிறது. பி1 சேர்த்துக் கொடுக்கலாமா?

முதலில் ஆம்ப்ரோலியத்தை நிறுத்துங்கள். அந்த மருந்து தயமினைப் போலவே உருவம் கொண்டு, தயமினின் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் ரத்தக்கழிச்சல் கிருமியைப் பட்டினி போடுகிறது. அளவு மிகுந்தாலோ நாள்கணக்கு நீண்டாலோ குஞ்சுக்கும் அதே பட்டினிதான். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் ஒன்றை மற்றொன்று முறிக்கும். பிறந்த முதல் சில நாள்களில் ரத்தக்கழிச்சல் வருவதில்லை என்பதால், அந்த வயதில் அந்த மருந்துக்கே வேலையில்லை. தேவைப்படும் வயதில் மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: குஞ்சுகள் பிறந்தபோது நன்றாக இருந்தன. மூன்றாம் வாரத்தில் இரண்டு குஞ்சுகள் தலையைத் திருகிக்கொண்டு வட்டமடிக்கின்றன, கால்கள் உதைத்துக்கொள்கின்றன.

இரண்டு முதல் நான்கு வார வயதில் இப்படி வந்தால் வைட்டமின் ஈ குறைபாட்டை நினைக்க வேண்டும். அதில் பாதிக்கப்படுவது சிறுமூளை. மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்த தீனியும், சூட்டிலும் ஈரத்திலும் சிக்கடித்த தீனியும் வழக்கமான காரணங்கள். மூட்டையில் அச்சிட்டுள்ள தேதியைப் பாருங்கள். எண்ணெய் வாடை அடித்தால் அந்தத் தீனியை அப்படியே ஒதுக்குங்கள். பி1 குறைபாடு போல இது சில மணி நேரத்தில் தேறாது. மூளையில் ஏற்பட்ட சேதம் பெரிதானால் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். மற்றக் குஞ்சுகளைக் காப்பதே இங்கு முதல் வேலை. எல்லாவற்றுக்கும் இன்றே தீனியை மாற்றுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: பக்கத்து வீட்டார் இது வெள்ளைக்கழிச்சல் என்கிறார்கள். எல்லாக் குஞ்சுகளையும் அழித்துவிடச் சொல்கிறார்கள்.

பொரிந்த அன்றே ஒரே ஒரு குஞ்சுக்கு மட்டும் கழுத்து கோணியிருந்து, மற்றவை துள்ளித் திரிந்தால், அது வெள்ளைக்கழிச்சலாக இருப்பது அரிது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிவது, மூச்சுத் திணறுவது, அடுத்தடுத்துச் சாவது ஆகியவற்றோடு கழுத்துத் திருகலும் வந்தால்தான் அந்த ஐயம் வலுப்பெறும். குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெத் ஊரின் பெயரையே தாங்கிய அந்த நோய்க்கு மருந்தில்லை. பிழைத்த கோழிகளுக்குக் கழுத்துக் கோணல் நிலைத்துவிடுவதும் உண்டு. அதற்குத் தடுப்பு மருந்து ஒன்றே வழி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, மூன்று நான்கு வாரத்தில் லசோட்டா என்னும் தடுப்பு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி என்பது இங்குள்ள நடைமுறை. பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கழுத்து கோணிய குஞ்சுக்கு, அது தேறும் வரை, எந்தத் தடுப்பு மருந்தும் போட வேண்டாம். அடுத்தடுத்து இறப்பு இருந்தால் உடலைக் கீறிப் பார்க்காமல், விற்காமல், அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலிலும் கழுத்து திருகும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர்: ஓட்டில் துளையிட்டு நெடுநேரம் வெளியே வராத குஞ்சை நாங்களே உரித்து எடுத்தோம். கழுத்து ஒரு பக்கமாக ஒட்டியது போல இருக்கிறது. நாங்கள் செய்தது தவறா?

முதல் துளையிலிருந்து முழுதும் வெளிவர ஒரு நாள் ஆவது இயல்பு. அதற்குள் உரித்தால் சவ்வின் ரத்தக் குழாய்கள் அறுந்து குஞ்சு சாகலாம். உங்கள் குஞ்சின் கோணல், நீங்கள் உரித்ததால் வந்ததைவிட, உள்ளே சவ்வு காய்ந்து உடம்போடு ஒட்டி, தலை நகர முடியாமல் கிடந்ததால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கடைசி மூன்று நாளில் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் திருப்பவோ மூடியைத் திறக்கவோ கூடாது. முட்டையின் அகன்ற முனை மேலே இருக்குமாறு அடுக்குவதும் முக்கியம். குஞ்சின் தலை வலது இறக்கைக்குள் செருகி, அகன்ற முனையின் காற்றறையை நோக்கியிருப்பதே சரியான கிடை. குறுகிய முனை மேலே இருந்தால் குஞ்சு தலைகீழாக அமைந்துவிடக்கூடும். வெறும் கிடையால் வந்த கோணல், வைட்டமின் இல்லாமலேயே இரண்டு மூன்று நாளில் நிமிர்ந்துவிடுவதும் உண்டு.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: நல்லெண்ணெய் தடவி நீவிவிடலாமா? குச்சி வைத்துக் கட்டலாமா?

கட்டவே கூடாது, மூச்சுக்குழலும் இரையோடும் குழலும் அங்கேதான் போகின்றன. எண்ணெய் இறகுப் பஞ்சை ஒட்டவைத்து உடம்பைக் குளிரச் செய்யும். கோணலுக்குக் காரணம் தசையன்று, நரம்பு. ஆகவே நீவுவதால் நன்மையும் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: சில்க்கி வகைக் குஞ்சுகளுக்கு இது அடிக்கடி வருகிறதே?

உச்சியில் குமிழ் உள்ள சில்க்கி, போலிஷ் வகைகளில் மண்டையோடு முழுதும் மூடாமல் மூளை அங்கே பிதுங்கியிருப்பதுண்டு. மற்றக் கோழிகளின் சிறு கொத்தல்கூட அவற்றின் கழுத்தைத் திருப்பிவிடும். அவற்றைச் சண்டைக்கோழிக் குஞ்சுகளோடு சேர்த்து வளர்ப்பதை நான் ஒப்புவதில்லை.

சேலத்திலிருந்து ஒருவர்: எத்தனை நாள் பார்ப்பது? தேறியபின் தாயிடம் விடலாமா?

பி1 கொடுத்து இரண்டு மூன்று நாளில் சிறு மாற்றமாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டாலும், விழுங்குகிறது, எச்சமிடுகிறது, எடை கூடுகிறது என்றால் இரண்டு மூன்று வாரம் வரை முயலலாம். விழுங்கவே முடியாமல், வலிப்பு ஓயாமல் வரும் குஞ்சை நாள்கணக்கில் துன்புறுத்துவதைவிட, மருத்துவரைக் கொண்டு வலியின்றி முடித்துவிடுவது மேல் என்பது என் கருத்து. தேறிய குஞ்சுக்கு அவித்த மஞ்சள் கருவையும் நீரில் குழைத்த குஞ்சுத் தீனியையும் வைத்து, தானாகக் கொத்தித் தின்கிறதா, மாலையில் கழுத்தடித் தீனிப்பை நிரம்பியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து நிரம்பியிருந்தால், இருட்டியபின் தாயின் இறக்கைக்குள் மெல்லச் செருகிவிடுங்கள். பகலில் விட்டால் புதுக் குஞ்சு என்று தாயே கொத்தக்கூடும். பி காம்ப்ளெக்ஸ் சொட்டை மேலும் ஒரு வாரம் தொடருங்கள்; உடனே நிறுத்தினால் கோணல் திரும்ப வருவதுண்டு.