நெபுலாவைப் படம் பிடிக்க எதை வாங்குவது?

கேள்வி: கேனான் டிஎஸ்எல்ஆர் கேமராவும் 55-250 லென்ஸும் கையில் இருக்கின்றன. ஓரியன் நெபுலாவைப் படம் எடுக்க ஆசை. ஆன்லைனில் 76 மிமீ டெலஸ்கோப் ஒன்றை ‘525 மடங்கு பெரிதாகத் தெரியும்’ என்று விற்கிறார்கள். வாங்கலாமா?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டாம். 525 என்ற எண்ணை நம்பிக் காசைப் போடாதீர்கள். கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் ஒரு டெலஸ்கோப் உருப்படியாகப் பெரிதாக்கிக் காட்டும் எல்லை. 76 மிமீக்கு 150 சொச்சம். அதைத் தாண்டினால் வெறும் மங்கல். நீங்கள் கேட்கும் நெபுலாவுக்கு (விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசு மேகம் அது) அதுகூடத் தேவைப்படாது. வானத்தில் அதன் அகலம் ஏறத்தாழ ஒரு டிகிரி, முழுநிலவைப் போல இரண்டு பங்கு! ஒளி குறைவு என்பதால்தான் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. நிறைய நேரம் ஒளியைச் சேர்த்தால் படம் வந்துவிடும்.

அதற்கு இடைஞ்சல் பூமியின் சுழற்சி. வெறும் டிரைபாடில் லென்ஸை 200 மிமீ ஜூமில் வைத்து எடுத்தால், ஒன்றரை வினாடிக்கு மேல் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். ஆகவே பணத்தை டிராக்கரில் போடுங்கள். பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கும் சின்ன மோட்டார் பெட்டி அது. துருவத்தை நோக்கிச் சரியாகப் பொருத்தினால் ஒரு நிமிடம்வரை ஷட்டரைத் தாராளமாகத் திறந்துவைக்கலாம்.

வாங்கும்போது நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வேலூர் வட்டாரம் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரமும் வடக்கு அடிவானத்துக்கு மேலே அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். டிராக்கரைத் தாங்கும் சாய்வுத் தாங்கி 13 டிகிரிவரை இறங்குமா என்று கேளுங்கள். எடைக்கட்டை தொங்கும் பெரிய மவுண்ட்களில் (தாங்கிகளில்) சில, இவ்வளவு தாழ்த்தினால் டிரைபாட் காலில் இடிக்கும். பதிலை எழுத்தில், குறைந்தது வாட்ஸாப்பிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். வடக்கே குன்று மறைக்காத இடமும் வேண்டும்.

சரி, எதுவும் வாங்குவதற்கு முன் செலவில்லாமல் ஒரு முறை செய்து பாருங்கள். லென்ஸ் 100 மிமீ, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, மூன்று வினாடி; இப்படி இருநூறு, முந்நூறு படங்கள் எடுத்து, இலவச மென்பொருளான டீப்ஸ்கைஸ்டாக்கரிலோ சிரிலிலோ ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். இளஞ்சிவப்புப் புகைபோல நெபுலா எழுந்து வரும். அந்த ஒரு படம் போதும், இந்த ஆசை உங்களை விடாது. கேமராவுக்குள் இருக்கும் ஃபில்டர், நெபுலாவின் ஹைட்ரஜன் உமிழும் 656 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பெருமளவு தடுக்கும் என்பது உண்மை. ஆனாலும் ஓரியன் பிரகாசமானது, அதற்காகக் கேமராவைப் பிரித்து மாற்ற வேண்டியதில்லை.

ஜனவரி, பிப்ரவரியில் அமாவாசையை ஒட்டி ஜவ்வாது மலைப் பக்கம் போங்கள். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்கும் காவலூர் அங்கேதான் இருக்கிறது. அந்த வானம் உங்களுக்கும் கிடைக்கும். பனியில் லென்ஸ் வியர்க்கும், துடைக்கத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஜிஎஸ்டி பில்லும் வாரண்டி அட்டையும் இல்லாமல் வாங்காதீர்கள். அந்த 525 மடங்கு டெலஸ்கோப்பை ஏற்கெனவே ஆர்டர் செய்திருந்தால், விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துத் திருப்பி அனுப்புங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.