மோசூலில் கட்டட வேலை: மீதி எட்டு இலட்சத்தைக் கட்டலாமா?

கேள்வி: கல்முனையில் சிறிய கட்டட நிறுவனம் நடத்துகிறேன். கட்டட ஒப்பந்தக்காரருக்கான சீ5 தரப் பதிவு இருக்கிறது. ஈராக்கில் போரில் அழிந்த மோசூல் நகரில் வீடு, பள்ளிக்கூடம் கட்டும் வேலை நிறைய இருக்கிறது, ஐ.நா. திட்டமொன்றில் உப ஒப்பந்தம் எடுத்துத் தருகிறேன் என்று கொழும்பில் உள்ள ஒரு முகவர் சொன்னார். பதிவுக் கட்டணம் பன்னிரண்டு இலட்சம். நாலு இலட்சம் கட்டியாயிற்று. ஒப்பந்தக் கடிதமும் வந்துவிட்டது, இணைத்திருக்கிறேன். டோஹாவில் இருக்கும் மச்சான் பாதி முதல் போடுவதாகச் சொல்கிறார். ஒன்பது மேசன்மாரிடம் பாஸ்போட்டும் தலைக்கு ஒரு இலட்சமும் வாங்கி வைத்திருக்கிறேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மேலே ஐ.நா. சின்னம் இருக்கிறது. கீழே தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி. டெண்டர் இலக்கம் இல்லை. எந்த வேலை, எத்தனை கட்டடம், யார் பிரதான ஒப்பந்தக்காரர் என்று ஒரு வரியும் இல்லை. பணம் கட்டச் சொன்ன கணக்கோ ஒரு தனி ஆளின் பெயரில். ஐ.நா. அமைப்புகளுக்குப் பொருளோ வேலையோ வழங்க விரும்பும் எவரும் யூ.என்.ஜி.எம். என்ற இணையத் தளத்தில் பதியலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. டெண்டரில் பங்குபற்றவும் ஐ.நா. காசு கேட்பதில்லை. பதிவுக் கட்டணம் என்ற அந்த ஒரு சொல்லே உங்கள் கடிதத்தைப் பொய்யாக்கிவிடுகிறது.

மற்ற விஷயங்களுக்குப் போவதற்கு முன், என்னை அதிகம் உறுத்திய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது அந்த ஒன்பது பாஸ்போட்டுகள். இதுவரை நீங்கள் ஏமாற்றப்பட்டவர். ஆனால் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதும் அதற்காகக் காசு வாங்குவதும் குற்றம். "என் சொந்த வேலைக்குத்தானே கூட்டிப் போகிறேன்" என்பீர்கள். வேலையே இல்லாத இடத்துக்கு ஆள் சேர்த்ததாகத்தான் பொலிஸ் அதைப் பார்க்கும். அந்த மேசன்மாரில் ஒருவர் முறைப்பாடு செய்தால், முகவரின் பெயருக்கு முன்னால் உங்கள் பெயர்தான் எழுதப்படும். காசு வாங்கிய கை உங்களுடையது. அவர்களில் எத்தனை பேர் மனைவியின் நகையை அடகு வைத்து அந்த இலட்சத்தைக் கொண்டுவந்தார்களோ! இந்தக் கிழமைக்குள் காசையும் பாஸ்போட்டையும் திருப்பிக் கொடுங்கள். முகவரிடமிருந்து உங்கள் பணம் வரட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, உங்கள் நாலு இலட்சம். வங்கியில் கட்டிய பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள் எல்லாம் சான்றுகள். தொலைபேசியை மாற்றவோ செய்திகளை அழிக்கவோ வேண்டாம். முகவரோடு சண்டையும் வேண்டாம், அவர் சுதாரித்துக்கொள்வார். பொய் சொல்லி நம்பவைத்துப் பணத்தைக் கைமாற வைப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவின் கீழ் வஞ்சித்தல். பொலிஸில் எழுத்து மூலம் முறைப்பாடு செய்யுங்கள். கூடவே ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். முகவரோடு உங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் இல்லை என்று தெரிகிறது. வாய்மொழி ஒப்பந்தத்தில் வழக்குப் போட மூன்று வருடம்தான் இருக்கிறது. எழுத்தில் இருந்திருந்தால் ஆறு வருடம்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, வெளிநாட்டு மீளமைப்பு வேலை என்பதே பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேலை உண்மையிலேயே இருக்கிறது. மோசூல் 2017 ஜூலையில் ஐ.எஸ். இயக்கத்திடமிருந்து மீட்கப்பட்டது. 2018 பெப்ரவரியில் குவைத்தில் நடந்த மாநாட்டில், ஈராக்கை மீளக் கட்ட ஏறத்தாழ 88 பில்லியன் டொலர் வேண்டும் என்று அந்த நாட்டு அரசு சொன்னது. சுமார் 30 பில்லியன் தருவதாக மற்றவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி கடனும் முதலீடும்.

பணம் யாருடையது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதை நமக்கு ஈராக் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியில், மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி மறுகரையான படுவான்கரைக்குப் போய்வந்த காலம் நமக்கு மறக்கவில்லை. 2014இல் அங்கே பாலம் திறந்தது யப்பானின் நன்கொடையில். யப்பானிய நன்கொடையில் வழமையாக யப்பானிய நிறுவனம்தான் பிரதான ஒப்பந்தக்காரர். நம் ஆட்களுக்குக் கிடைப்பது அதற்குக் கீழே உள்ள வேலை. உலக வங்கிப் பணம் என்றால் பொதுவாக எந்த நாட்டு நிறுவனமும் போட்டியிடலாம். ஆனால் டெண்டரில் பல வருடக் கணக்காய்வு அறிக்கை, வருடாந்த வரவு, இதே அளவு வேலை செய்த அனுபவம் எல்லாம் கேட்பார்கள். சீ5 தரத்தோடு பிரதான ஒப்பந்தத்துக்குப் போவது வீண் அலைச்சல். வெளிப்படையாகவே சொல்கிறேன்.

உங்களுக்குச் சரியான கதவு வேறு. உலக வங்கித் திட்டங்களிலும் ஐ.நா. டெண்டர்களிலும் வேலை யாருக்குக் கிடைத்தது என்பதை வெளியிடுவார்கள். வென்ற நிறுவனத்தின் பெயரை அங்கிருந்து எடுத்து, அதன் சொந்த மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதுங்கள். கட்டி முடித்த வேலைகளின் படங்கள், முடிவுச் சான்றிதழ்கள், கம்பனிப் பதிவு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் இணையுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் போடலாம். இடையில் முகவர் தேவையில்லை.

பதில் வந்து உப ஒப்பந்தம் கைக்கு வந்தால், கையொப்பம் வைக்க முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். "எமக்குப் பணம் வந்த பிறகே உமக்குத் தருவோம்" என்ற வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அந்த ஒரு வரியால் வேலையை முடித்துவிட்டுத் தெருவுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்ட உடனே செலுத்த வேண்டிய வங்கி உத்தரவாதம் கேட்டால் தொகையைக் குறைக்கப் பேசுங்கள். அடுத்தது வெடிபொருள். இடிபாட்டை அகற்ற முன் நிலத்தைச் சோதித்துத் தருவது யார் பொறுப்பு, ஆளுக்கு ஏதும் நடந்தால் காப்புறுதி யாருடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும். நம் மட்டக்களப்பு மாவட்டமே மிதிவெடியற்றது என்று 2017இல்தான் அறிவிக்கப்பட்டது, போர் ஓய்ந்து எத்தனை வருடத்துக்குப் பிறகு! பிணக்கு வந்தால் பக்தாத் நீதிமன்றம் என்று இருப்பதைவிட மூன்றாவது நாடொன்றில் நடுத்தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தரும் தீர்ப்பு, என்று இருப்பது நல்லது. வெளிநாட்டு நடுத்தீர்ப்புகளை ஏற்கும் நியூயோர்க் சமவாயத்தில் ஈராக் 2021இல் சேர்ந்துவிட்டது.

மச்சான் விஷயம் சுருக்கமாக. ஆயிரம் ரூபாய்க்கு மேல் முதல் உள்ள கூட்டு வியாபாரம் எழுத்தில் இல்லாவிட்டால் நம் நீதிமன்றத்தில் நிற்காது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. குடும்பத்துக்குள் எதற்குப் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். பங்கு எவ்வளவு, நட்டம் யாருக்கு என்று எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள். அவருடைய பணம் வங்கி வழியாக வரட்டும், வங்கிக்கு வெளியே ஆள் மூலம் அனுப்பும் உண்டியலில் வேண்டாம்.

மேசன்மாருக்குக் காசு திருப்பும்போது ஒவ்வொருவரிடமும் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். பாஸ்போட் இலக்கத்தையும் அதே தாளில் எழுதுங்கள். பிரதியை முறைப்பாட்டோடு இணைக்கலாம்.